விக்டோரியாவின் நாட்டுப்புறத் தீயணைப்புக் கொட்டகை: உள்ளே இருப்பவை எப்போது, எதனால் வந்தன?

கொட்டகைச்சாவி (இழையைத் தொடங்கியவர்):

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில், மெல்பர்னிலிருந்து பல்லாரட் செல்லும் நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூரின் தன்னார்வத் தீயணைப்புப் பிரிகேடில் (ஊர்த் தீயணைப்புக் குழுவில்) நான் 11 ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் பழைய தகரக் கொட்டகையை இடித்துவிட்டுப் புதிய நிலையம் கட்டப்போகிறார்கள். அதற்கு முன்பாக ஒரு ஞாயிற்றுக்கிழமை பொதுமக்கள் வந்து பார்ப்பதற்காகக் கதவுகளைத் திறந்து வைத்திருந்தோம். வந்தவர்களில் சில தமிழ்க் குடும்பங்களும் இருந்தன. மகன் வீட்டுக்குச் சென்னையிலிருந்து வந்திருந்த பெரியவர் ஒருவர் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, வைக்கோல் போட்டு வைக்கிற இடம் மாதிரி இருக்கிறதே, இதுவா ஃபயர் ஸ்டேஷன்?" என்று கேட்டார். அந்த நேரத்தில் சிரித்து மழுப்பினேன். பிறகு யோசித்தபோது, அந்தக் கேள்விக்கு முறையான பதில் சொல்ல வேண்டுமென்றால் 80 ஆண்டு வரலாற்றைச் சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியது. ஆகவே இந்த இழை.

முதலில் கொட்டகையைச் சொல்லிவிடுகிறேன். முன்பக்கம் இரண்டு சுருள்கதவுகள். ஒன்றின் பின்னால் பெரிய டேங்கர், மற்றொன்றின் பின்னால் நான்கு சக்கரங்களுக்கும் விசை செல்லும் சிறிய தீயணைப்பு வண்டி. பக்கச் சுவரில் வரிசையாக ஆணிகள், ஒவ்வோர் ஆணியிலும் ஒருவருடைய மஞ்சள் சட்டையும் கால்சட்டையும், கீழே பூட்சு, மேலே தலைக்கவசம். பின்புறம் ஒரு சிறிய அறை. அதில் ரேடியோ, சுவர் முழுக்க வரைபடம், 20 பேர் உட்காரக்கூடிய மடக்கு நாற்காலிகள், தேநீர் போடுவதற்கு ஒரு மேடை. ஒரே ஒரு கழிப்பறை. வெளியே மழைநீர்த் தொட்டியும், கம்பத்தின் உச்சியில் சைரனும். இவ்வளவுதான்.

இது எப்படி உருவானது என்பதற்கு இரண்டு தனித்தனி வேர்கள் உண்டு. விக்டோரியாவின் சிறு நகரங்களில் 19-ஆம் நூற்றாண்டிலேயே தீயணைப்புப் பிரிகேடுகள் இருந்தன. 1890-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றை மெல்பர்னுக்கு ஒரு வாரியம், நாட்டுப்புற நகரங்களுக்கு ஒரு வாரியம் என்று இரண்டாகப் பிரித்து ஒழுங்குபடுத்தியது. நகரத்துக்கு வெளியே புல்வெளியிலும் காட்டோரத்திலும் இருந்த விவசாயிகள் இந்த ஏற்பாட்டுக்குள் வரவில்லை. தீப்பிடித்தால் அண்டை அயலார் கூடுவார்கள்; நனைத்த சணல் சாக்குகளாலும் பச்சைக் கிளைகளாலும் அடித்து அணைப்பார்கள். கொட்டகையே கிடையாது. சாக்கு யாருடைய களஞ்சியத்தில் கிடக்கிறதோ அதுதான் நிலையம். பெரியவருடைய வைக்கோல் ஒப்புமை ஒரு வகையில் சரியானதே.

1939 ஜனவரி 13, 'கறுப்பு வெள்ளி', இந்த நிலையை மாற்றியது. ஏறத்தாழ 20 லட்சம் ஹெக்டேர் எரிந்தது, 71 பேர் இறந்தார்கள், 69 மரமறுப்பு ஆலைகள் அழிந்தன. விசாரணை ஆணையத்துக்குத் தலைமை தாங்கிய நீதிபதி லெனர்ட் ஸ்ட்ரெட்டன், அந்தத் தீக்களை மூட்டியது மனிதக் கையே என்று நேரடியாக எழுதினார். ஆனாலும் நாட்டுப்புறத்துக்கு ஒரே அமைப்பு என்ற முடிவுக்கு வர மேலும் ஐந்தாறு ஆண்டுகளும் மேலும் சில மரணங்களும் தேவைப்பட்டன. 1943 டிசம்பரில் வாங்கராட்டாவுக்கு அருகில் டாரவிங்கியில் புல்தீயில் பத்துத் தன்னார்வலர்கள் இறந்தார்கள். 1944 தொடக்கத்தில் மேற்கு மாவட்டத்திலும் யலூர்ன் நிலக்கரிச் சுரங்கத்திலும் தீ. அதன் பிறகே 1944-இல் சட்டம் நிறைவேறி, 1945 ஏப்ரல் 2 அன்று சி.எஃப்.ஏ. எனப்படும் நாட்டுப்புறத் தீயணைப்பு ஆணையம் செயல்படத் தொடங்கியது. நகரத்துப் பிரிகேடும் புல்வெளிப் பிரிகேடும் ஒரே கூரையின் கீழ் வந்தது அப்போதுதான்.

போர் முடிந்ததும் ராணுவம் கழித்துவிட்ட 'பிளிட்ஸ்' லாரிகள் மலிவாகக் கிடைத்தன. அவற்றின் முதுகில் தொட்டியையும் பம்பையும் ஏற்றி நாட்டுப்புறப் பிரிகேடுகள் டேங்கர் ஆக்கிக்கொண்டன. லாரி வந்ததும் அதை வெயில் மழை படாமல் நிறுத்த இடம் வேண்டுமே! நிலத்தை யாராவது கொடுத்தார்கள், தகரத்தை யாராவது கொடுத்தார்கள், சனி ஞாயிறுகளில் எல்லோரும் சேர்ந்து கட்டினார்கள். எங்கள் கொட்டகையின் நடுத்தூண் ஒன்று பழைய தந்திக் கம்பம். மனிதர்களுக்காகக் கட்டப்பட்ட கட்டடம் அல்ல இது, ஒரு லாரிக்காகக் கட்டப்பட்டது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்ற குறைகள் அனைத்தும் விளங்கும்.

மதுரைவாசி:

நல்ல தொடக்கம். எனக்குச் சில அடிப்படைச் சந்தேகங்கள். சம்பளம் உண்மையிலேயே கிடையாதா? அப்படியானால் யார் கட்டளையிடுகிறார்கள், யார் கீழ்ப்படிகிறார்கள்? கொட்டகையில் இரவில் யாராவது தங்கியிருப்பார்களா? ஒருவரும் வரவில்லை என்றால் என்ன ஆகும்?

கொட்டகைச்சாவி:

சம்பளம் கிடையாது. பணியின்போது காயம்பட்டால் இழப்பீடு உண்டு. சி.எஃப்.ஏ.வில் ஏறத்தாழ 1,200 பிரிகேடுகளும் 50,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்களும் இருக்கிறார்கள். அத்தனை பேரும் தீமுனையில் நிற்பவர்கள் அல்லர். கணக்கெழுதுகிறவர்கள், ரேடியோவில் உட்காருகிறவர்கள், வானொலியும் தேநீருமாக விடியும்வரை கொட்டகையைக் காப்பவர்கள் என்று பலர். முன்பு நகரோரத்து நிலையங்கள் சிலவற்றில் இதே அமைப்பின்கீழ்ச் சம்பளத் தீயணைப்பாளர்களும் இருந்தார்கள். 2020 ஜூலை 1 முதல் அவர்கள் ஃபயர் ரெஸ்க்யூ விக்டோரியா என்ற தனி அமைப்புக்குச் சென்றுவிட்டதால், இது மீண்டும் தன்னார்வலர்களின் அமைப்பாகிவிட்டது.

கேப்டனையும் லெப்டினன்ட்களையும் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை உறுப்பினர்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறோம். தீ முனையில் கேப்டன் சொன்னால் கேள்வி கேட்காமல் செய்ய வேண்டும். கூட்டத்தில் அதே கேப்டனை எதிர்த்து வாக்களிக்கலாம். எங்கள் கேப்டன் ஆட்டு மயிர் கத்தரிப்பவர். அவருக்குக் கீழே ஒரு வழக்கறிஞரும், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும், கணினித் துறையில் வேலை பார்க்கும் நானும் இருக்கிறோம்.

இரவில் எவரும் தங்குவதில்லை. இடுப்பில் பேஜர் இருக்கும். அது கத்தியதும் வீட்டிலிருந்தோ வயலிலிருந்தோ ஓட்டிவர வேண்டும். போதிய ஆட்கள் சேராவிட்டால் வண்டி கிளம்பாது. அதற்காகத்தான் ஓர் அழைப்புக்குப் பக்கத்துப் பிரிகேடுகளையும் சேர்த்தே அழைக்கிறார்கள். வார நாள் பகல் வேளைகளில் பெரும்பாலோர் நகரத்துக்கு வேலைக்குப் போய்விடுவதுதான் இன்றைய உண்மையான சிக்கல். 60 வயதைத் தாண்டிய இருவரும் நானும் (வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை) மட்டுமே சில பகல்களில் டேங்கரை நகர்த்தியிருக்கிறோம்.

பெர்விக் அக்கா:

தம்பி, 1939-இல் தொடங்கி 1945-இல் நிறுத்திவிட்டீர்கள். நாங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அவுஸ்திரேலியாவில் குடியேறிய இடம் நாரி வாரனுக்குப் பக்கம். இப்போது அங்கே கடைத்தொகுதியும் எங்கள் ஆட்களின் வீடுகளுமாக நெருக்கமாக இருக்கிறது; 1983-இல் அது சிற்றூர் என்று சொல்லத்தக்க அளவில்தான் இருந்தது. அந்த ஆண்டு பெப்ரவரி 16, 'சாம்பல் புதன்' அன்று, தீயில் விக்டோரியாவில் 47 பேரும் தெற்கு அவுஸ்திரேலியாவில் 28 பேரும் இறந்தார்கள். நாரி வாரன் பிரிகேடையும், வெகுதூரத்திலிருந்து உதவிக்கு வந்த பான்டன் ஹில் பிரிகேடையும் சேர்ந்தவர்கள் அப்பர் பீக்கன்ஸ்ஃபீல்டில் வண்டிகளோடு தீயில் அகப்பட்டு இறந்தார்கள். அங்கே ஒரு நினைவிடம் இருக்கிறது. பிள்ளைகள் சிறியவர்களாக இருந்தபோது கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். எங்கள் ஊரைக் காக்கப் போனவர்கள் என்பதைத் தெரிந்துகொண்டு இந்த ஊரில் வாழட்டும் என்றுதான்.

எல்லோரும் "காற்றுத் திரும்பியதால் இறந்தார்கள்" என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். காற்றுத் திரும்பினால் ஏன் அவ்வளவு ஆபத்து என்பதைத் தம்பி விளக்கினால் நல்லது. அது விளங்கினால்தான் வண்டியில் உள்ள சாமான்கள் விளங்கும்.

கொட்டகைச்சாவி:

அக்கா கேட்டது இந்த இழையின் நடுநரம்பு.

இங்கே மோசமான நாட்களில் உள்நாட்டுப் பாலையிலிருந்து வடக்கு, வடமேற்குக் காற்று வீசும். தீ அந்தக் காற்றோடு தெற்கு நோக்கி ஒரு நீண்ட நாக்கைப் போல ஓடும். அந்த நாக்கின் நுனி குறுகலானது. அதன் முன்னால் யாரும் நிற்பதில்லை. இரு பக்கவாட்டுகளிலும் சுடர் தாழ்வாக இருக்கும் என்பதால் வண்டிகள் அங்கே நின்று வேலை செய்யும். பிறகு தென்மேற்கிலிருந்து குளிர்காற்று வரும். வீட்டில் இருப்பவர்கள் "அப்பாடா, குளிர்ந்துவிட்டது" என்று சன்னலைத் திறப்பார்கள். அதே நொடியில் பல கிலோமீட்டர் நீளமுள்ள கிழக்குப் பக்கவாட்டு முழுவதும் புதிய நுனியாக மாறி வடகிழக்கே பாயத் தொடங்கும். இதுவரை பாதுகாப்பான இடமாக இருந்தது தீயின் வாயாகிவிடும். 1983-இல் நடந்தது இதுதான். 1998 டிசம்பர் 2 அன்று பல்லாரட்டுக்கு அருகில் லின்டனில் நடந்ததும் இதுதான்: ஜீலாங் மேற்குப் பிரிகேடைச் சேர்ந்த ஐந்து தன்னார்வலர்கள், தண்ணீர் நிரப்பிக்கொள்ளப் போகும் வழியில் காற்றுத் திரும்பியதால் டேங்கரிலேயே இறந்தார்கள்.

இப்போது எங்கள் டேங்கரின் பின்பக்கத்துக்கு வாருங்கள். பம்புக்கு மேலே தொட்டியின் நீர்மட்டத்தைக் காட்டும் விளக்குகள் இருக்கின்றன. புதிதாகச் சேருகிறவர்கள், விளக்குகள் அனைத்தும் அணையும்வரை தண்ணீர் அடிக்கலாம் என்று எண்ணுவார்கள். கூடாது. கடைசிப் பங்கு எங்களுக்கானது, எங்கள் உயிருக்கானது. அதைத் தீயின்மேல் செலவிட யாருக்கும் உரிமையில்லை, கேப்டனுக்கும் இல்லை. வண்டியைச் சுற்றிக் கண்ணில் படாதபடி ஒரு மெல்லிய குழாய் ஓடுகிறது, அதில் தெளிப்பான்கள். தீ வண்டியைச் சூழ்ந்தால் ஒரு விசையைத் திருப்ப வேண்டும். வண்டியின்மேல் தண்ணீர் திரைபோல விழும். உள்ளே வெள்ளிநிறத்தில் மடித்துக் கட்டப்பட்டிருக்கும் வெப்பத்திரையை இழுத்துவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சன்னலுக்குக் கீழே குனிந்து உட்கார வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் கோடை தொடங்குமுன் இதைப் பயிற்சியாகச் செய்யாமல் யாரும் தீக்குப் போக முடியாது. முதல்முறை செய்தபோது, கம்பளிக்குள் என் மூச்சுச் சத்தமே எனக்குப் பெரிதாகக் கேட்டது. அக்கம் பக்கத்தில் நான்கு பேர் அதேபோல மூச்சுவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

லின்டனுக்குப் பிறகு நடந்த மரண விசாரணையின் விளைவாகத்தான் குறைந்தபட்சப் பயிற்சி முடிக்காத எவரும் தீக்குப் போகக்கூடாது என்ற விதி இறுக்கமானது. அதற்குமுன் பல ஊர்களில் தகப்பன் வண்டியில் ஏறினால் மகனும் ஏறிவிடுவான், அவ்வளவுதான் தகுதி. கொட்டகையின் பின்னறையில் மடக்கு நாற்காலிகளும் கரும்பலகையும் அலமாரி நிறையப் பயிற்சிக் கோப்புகளும் வந்து சேர்ந்ததற்குக் காரணம் இதுவே. லாரிக்கான கொட்டகை, பள்ளிக்கூடமும் ஆனது.

முர்ரே அக்கரை:

எல்லையான முர்ரே ஆற்றுக்கு இந்தப் பக்கம் நியூ சவுத் வேல்ஸில் இருந்து எழுதுகிறேன். இந்த மாநிலத்தின் முதல் புதர்த்தீப் பிரிகேடு 1900-இல் பெரிகனில் அமைந்தது. என் வீட்டிலிருந்து அதிக தூரமில்லை. எங்கள் அமைப்பு கிராமப்புறத் தீயணைப்புச் சேவை, 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவானது, 70,000-க்கும் மேற்பட்ட தன்னார்வலர்கள். இங்கே எல்லோரும் 'ஷெட்' என்றே சொல்வார்கள். 'ஸ்டேஷன்' என்று சொன்னால் ரயிலுக்கு வழி கேட்கிறவரைப் பார்ப்பதுபோலப் பார்ப்பார்கள்.

ஒரு வேறுபாட்டைச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் கொட்டகையும் வண்டிகளும் சட்டப்படி உள்ளூராட்சி மன்றத்தின் பொறுப்பில் வருகின்றன. பயன்படுத்துவது மாநில அமைப்பு, வாங்குவது மாநில நிதி, ஆனால் தேய்மானத்தைத் தன் கணக்கேட்டில் எழுத வேண்டியது மன்றம். 'சிவப்பு வண்டித் தகராறு' என்றே இதற்குப் பெயர் வந்துவிட்டது. பல மன்றங்கள் எழுத மறுத்து, தணிக்கையாளர்களோடு ஆண்டுக்கணக்கில் மல்லுக்கட்டின. கேட்பதற்கு எழுத்தர் சண்டைபோலத் தோன்றும். கூரை ஒழுகும்போதுதான் அதன் உண்மையான பொருள் தெரியும், ஏனெனில் யாரிடம் விண்ணப்பம் கொடுப்பது என்பதே தெளிவாக இருக்காது.

பணத்தைப் பற்றி இன்னொன்று. 2019-20 கோடைத்தீயின்போது நகைச்சுவை நடிகை செலஸ்ட் பார்பர் 30,000 டாலர் திரட்டலாம் என்று தொடங்கி, 5 கோடியே 10 லட்சம் டாலருக்கும் மேல் சேர்ந்துவிட்டது உங்களுக்கு நினைவிருக்கும். கொடுத்தவர்கள் பலர் அது வீடிழந்தவர்களுக்கும், பிற மாநிலங்களுக்கும், காயம்பட்ட கோவாலாக்களுக்கும் போகும் என்று எண்ணியிருந்தார்கள். ஆனால் பணம் போய்ச் சேர்ந்தது எங்கள் அமைப்பின் பிரிகேடுகளுக்கான அறக்கட்டளைக்கு. 2020 மே மாதம் மாநில உச்ச நீதிமன்றம், அறக்கட்டளைப் பத்திரத்தில் எழுதியிருக்கும் நோக்கங்களுக்கு, அதாவது பிரிகேடுகளின் கருவிகளுக்கும் பயிற்சிக்கும் வளங்களுக்கும், மட்டுமே செலவிடலாம் என்று கூறிவிட்டது. பணியில் இறந்த, காயம்பட்ட தீயணைப்பாளர்களின் குடும்பத்துக்கு உதவலாம். வேறு தொண்டு அமைப்புகளுக்கு மாற்றிக் கொடுக்க முடியாது. எங்கள் கொட்டகைக்குத் தனிப்பட்ட முறையில் அதிலிருந்து என்ன வந்தது என்று கேட்டால் ஒரு மேசைமேல் வைத்துக் காட்டிவிடலாம். இருந்தாலும் தீர்ப்பைக் குறைசொல்ல மாட்டேன். பத்திரத்தில் இருப்பதுதான் பத்திரம்.

புதுமனை:

கொட்டகைச்சாவி அண்ணா, என் கேள்வி நேரடியானது. மெல்பர்னின் வடக்கு எல்லையில் அரை ஏக்கர் மனை வாங்கியிருக்கிறோம். தீயணைப்பு நிலையம் 4 கிலோமீட்டரில் இருக்கிறது. நிலைமை மோசமானால் குடும்பத்தோடு அங்கே ஓடிவிடலாம் என்று என் மாமனார் சொல்கிறார். சரிதானா?

கொட்டகைச்சாவி:

தம்பி, மாமனாரிடம் மரியாதையோடு மறுத்துச் சொல்லிவிடுங்கள். அது புகலிடம் அல்ல.

நீங்கள் ஓடிவரும் அந்த நேரத்தில் வண்டி வெளியே போயிருக்கும், கதவு பூட்டியிருக்கும். திறந்திருந்தாலும், உள்ளே இருப்பவர் ரேடியோவில் உட்கார்ந்திருக்கும் ஒரே ஒருவராக இருக்கலாம். தகரச் சுவர், டீசல் பீப்பாய், பெட்ரோல் பம்பு. 2009 பிப்ரவரி 7, 'கறுப்புச் சனி' அன்று மெல்பர்னில் 46.4 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. தீயில் 173 பேர் இறந்தார்கள். அன்று மெல்பர்னுக்கு வடக்கே உள்ள கிங்லேக்கில் மக்கள் தீயணைப்புக் கொட்டகையில் வந்து கூடினார்கள் என்பது உண்மைதான். வேறு போக்கிடம் இல்லாததால் வந்தார்கள், அதிர்ஷ்டவசமாகப் பிழைத்தார்கள். அதை வழிமுறையாக எடுத்துக்கொள்ள முடியாது. அதன் பிறகு அமைந்த அரச ஆணையம் கேட்டவற்றுள் ஒன்றுதான் கடைசிப் புகலிடங்களை ஊர்தோறும் அடையாளமிட்டு வைப்பது. அது விளையாட்டுத் திடலாகவோ வேறு திறந்த வெளியாகவோ இருக்கலாம், பலகை நட்டிருக்கும். அங்கேயும் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது என்று அந்தப் பலகை சொல்லாவிட்டாலும் நான் சொல்கிறேன். தீ அபாய மதிப்பீடு 'பேரழிவு' நிலைக்குப் போகும் என்று முதல்நாள் மாலை அறிவித்தால், மறுநாள் காலையிலேயே மெல்பர்னில் உறவினர் வீட்டுக்குப் போய்விடுங்கள். பிரியாணி செய்து சாப்பிட்டுவிட்டு இரவு திரும்புங்கள். ஒன்றும் நடக்காத நாளில் ஓடியது அவமானமில்லை.

இன்னொன்று, அரை ஏக்கர் என்றால் ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர். புதர்த்தீ மேலாண்மைப் பகுதிக்குள் (தீ அபாயம் உள்ளதாகக் கட்டட விதிகளுக்காகக் குறிக்கப்பட்ட இடத்தில்) 1,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் வீடு கட்டினால் தீயணைப்புக்கென்றே 10,000 லிட்டர் தண்ணீர் தனியாக நிற்க வேண்டும். தொட்டியில் எங்கள் குழலை மாட்டுவதற்கு 64 மில்லிமீட்டர் வாய், அங்குலத்துக்கு மூன்று திருகு மரை என்ற அளவில் இருக்க வேண்டும். ஒரு வீட்டில் மிக அழகான துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி வைத்திருந்தார்கள், நிறைய தண்ணீர். வாயில் இருந்ததோ தோட்டக் குழாய்க்கான திருகு. நாங்கள் அதன்முன் குழலைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றோம். டேங்கரில் 4,000 லிட்டர் இருந்தாலும் நிமிடத்துக்கு 200 லிட்டர் அடித்தால் 20 நிமிடத்தில் காலி. அடுத்த தண்ணீர் எங்கே என்பதுதான் எங்களுடைய எப்போதுமான கேள்வி.

வரிகட்டுபவர்:

எல்லாம் சரி. ஆனால் ஒரு நியாயமான கேள்வியைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். 80 ஆண்டு தகரக் கொட்டகையில் வேலை நடந்ததென்றால், இப்போது கட்டும் நிலையங்களுக்கு உடைமாற்றும் அறை, குளியலறை, துணி துவைக்கும் இடம், புகைபோக்கி என்று ஏன் இவ்வளவு செலவு? தீயணைப்புக்கான வரி முன்பு காப்பீட்டுக் கட்டணத்தோடு சேர்ந்து வந்தது. 2013 ஜூலையிலிருந்து எல்லாச் சொத்துகளின்மேலும் விதித்தார்கள். 2025 ஜூலையிலிருந்து அதையே அவசரகாலச் சேவைகளுக்கும் தன்னார்வலர்களுக்குமான நிதி என்று பெயர் மாற்றி உயர்த்திவிட்டார்கள். எதிர்த்துப் போராடியவர்களில் விவசாயிகள் மட்டுமல்ல, தீயணைப்புத் தன்னார்வலர்களே இருந்தார்கள். உங்கள் சொந்த ஆட்களே ஏற்காத ஒன்றை நாங்கள் ஏன் ஏற்க வேண்டும்?

இரவுப்பணி:

உடைமாற்றும் அறை பற்றி மட்டும் நான் பதில் சொல்கிறேன். புற்றுநோய்ப் பிரிவில் செவிலியாக இருக்கிறேன். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் டீசல் புகையை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. 2022-இல் தீயணைப்புத் தொழிலையே அதே பிரிவில் சேர்த்தது. கொட்டகைச்சாவி முதல் பதிவில் வருணித்ததை மறுபடி படியுங்கள். வண்டி நிற்கும் அதே இடத்தில், வண்டியின் புகைக்குழாய்க்குச் சற்றுத் தள்ளி, ஆணியில் உடைகள். வண்டியை இயக்கும் ஒவ்வொரு முறையும் அந்தத் துணி புகையைக் குடிக்கிறது. தீயிலிருந்து திரும்பி வந்ததும் கரியும் இரசாயனமும் படிந்த அதே உடையைத் திரும்ப அங்கேயே மாட்டுகிறார்கள், அல்லது காரில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்க் குழந்தைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கிறார்கள். குளியலறை சொகுசுக்கு அல்ல.

ஃபிஸ்க்வில் பயிற்சிக் கல்லூரியையும் சொல்ல வேண்டும். 1972-இல் தொடங்கி, தலைமுறை தலைமுறையாகத் தன்னார்வலர்கள் பயிற்சி பெற்ற இடம். எரியவிட்ட இரசாயனங்களும் நுரையில் இருந்த நச்சுச் சேர்மங்களும் மண்ணிலும் நீரிலும் சேர்ந்திருந்ததால் 2015-இல் நிரந்தரமாக மூடினார்கள். நாடாளுமன்ற விசாரணையும் நடந்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டம், குறிப்பிட்ட சில புற்றுநோய்கள் தீயணைப்பாளருக்கு வந்தால் அது பணியால் வந்ததாகவே கொள்ள வேண்டும் என்று சம்பளக்காரர், தன்னார்வலர் இருசாராருக்கும் பொதுவாகச் சொல்கிறது. நோய் வந்தபின் கொடுக்கும் இழப்பீட்டோடு ஒப்பிட்டால், சுவரும் கதவும் தண்ணீர்க் குழாயும் மலிவானவை.

கொட்டகைச்சாவி:

வரிகட்டுபவர் ஐயாவின் கோபத்தில் பாதி எனக்கும் உண்டு. எங்கள் பிரிகேடிலும் அந்த வரியைப்பற்றி ஒரு மாலை முழுக்க வாக்குவாதம் நடந்தது. விவசாயியே தன்னார்வலராக வண்டி ஓட்டுகிறார், அவரே சொந்த வண்டியில் தொட்டியும் பம்பும் பொருத்தி வைத்திருக்கிறார், அவருக்கே வரி என்றால் விவசாயி கேட்கத்தான் செய்வார். ஆனால் வரிமேல் உள்ள கோபத்தைக் குளியலறைமேல் காட்டக்கூடாது.

அரசு எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கொடுக்கிறது என்றும் எண்ண வேண்டாம். கருவிகளுக்கான ஒரு மானியத் திட்டம் இருக்கிறது: பிரிகேடு 1 டாலர் போட்டால் மாநிலம் 2 டாலர் போடும். அந்த ஒரு டாலருக்காகத்தான் சனிக்கிழமை காலைகளில் இரும்புச்சாமான் கடை வாசலில் ரொட்டியில் சாஸேஜ் சுருட்டி விற்கிறோம். மதுக்கடையில் கோழியைப் பரிசாக வைத்துச் சீட்டுக் குலுக்கல் நடத்துகிறோம். எங்கள் சிறிய வண்டியின் மூன்றில் ஒரு பங்கு வெங்காயம் வதக்கியதில் வந்தது.

பெண்களுக்கான வசதியையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல்லாண்டுகளாகப் பெண்கள் துணைக்குழுவில் தேநீரும் சாண்ட்விச்சும் தருபவர்களாகவே பார்க்கப்பட்டார்கள். இன்று எங்கள் முதல் லெப்டினன்ட் ஒரு பெண். 14 மணிநேரம் தீமுனையில் நின்றுவிட்டு வந்து, ஒரே கழிப்பறை வாசலில் ஆண்களோடு வரிசையில் நின்று, டேங்கருக்குப் பின்னால் மறைந்து உடைமாற்றுகிறார். இன்றும் பல கொட்டகைகளில் இதுதான் நிலை.

புதியது என்றாலே சரியாக இருக்கும் என்றும் இல்லை. பெயர் வேண்டாம், நான் முன்பு இருந்த வேறொரு பிரிகேடுக்கு மின்சாரத்தால் திறக்கும் கதவுகளைப் பொருத்தினார்கள். பழைய கதவைக் கையால் தூக்கி முதுகு போனவர்கள் பலர் என்பதால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த கோடையில் ஒரு வடக்குக்காற்று நாளில் பேஜர் கத்தியது. ஓடி வந்து பொத்தானை அழுத்தினால் கதவு அசையவில்லை. ஊரில் மின்சாரம் இல்லை. காற்றடித்து மரம் விழுந்து கம்பி அறுந்திருந்தது. அதே கம்பிதான் புல்லையும் பற்றவைத்திருந்தது. அவசரத்துக்குக் கையால் இழுக்கும் சங்கிலி இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே என்றால், துணைக்குழு அன்பளிப்பாகக் கொடுத்த பெரிய குளிர்பெட்டிக்குப் பின்னால். நான்கு பேர் சேர்ந்து குளிர்பெட்டியை நகர்த்தியபோது உள்ளே பால் கொட்டிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. ஆறு நிமிடம் தாமதம். பக்கத்துப் பிரிகேடு முன்பே போய்விட்டதால் பெரிய சேதம் இல்லை. எங்கள் புதிய நிலையத்தின் வரைபடம் வந்ததும் நான் முதலில் தேடியது அந்தச் சங்கிலியைத்தான். இரண்டாவதாக மின்னாக்கிக்கான இடத்தை. வரைந்தவர் மின்னாக்கியைக் கட்டடத்தின் பின்கோடியில், வடக்குப் பக்கத்து யூக்கலிப்டஸ் மரங்களுக்கு அடியில் வைத்திருந்தார். மாற்றச் சொல்லி எழுதியிருக்கிறோம்.

பெர்விக் அக்கா:

குளிர்பெட்டி கொடுத்த துணைக்குழுப் பெண்கள் பாவம், அவர்களைத் திட்ட வேண்டாம். கேட்க விட்டுப்போனது ஒன்று: சைரனை என்ன செய்யப்போகிறீர்கள்? எங்கள் பக்கத்தில் வீடுகள் கூடியபின் சத்தம் என்று முறையிடுகிறார்கள். எனக்கென்றால், போர்க்காலத்து நினைவில், அந்தச் சத்தம் கேட்டதும் வயிற்றுக்குள் ஏதோ செய்யும். ஆனாலும் வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை.

கொட்டகைச்சாவி:

அக்கா, சைரன் போகாது. புதிய நிலையத்துக்கு மாற்றி நடப்போகிறோம். பேஜர் வந்தபின் எங்களைக் கூப்பிட அது தேவையில்லை என்றாலும், ஊரைக் கூப்பிட வேறு வழியில்லாத நாட்கள் வரும். 2009-இல் தொலைபேசிக் கோபுரங்களும் எரிந்தன. இப்போது இரண்டு வகையாக ஒலிக்கும். 90 நொடிக்குள் நின்றுவிட்டால் பிரிகேடு ஏதோ ஓர் அழைப்புக்குக் கிளம்பியிருக்கிறது என்று பொருள். நீங்கள் எழுந்திருக்க வேண்டியதில்லை. ஐந்து நிமிடம் விடாமல் ஒலித்தால், ஆபத்து உங்கள் பகுதியிலேயே இருக்கிறது, வானொலியையோ செயலியையோ உடனே பாருங்கள் என்று பொருள். இதைத் தமிழில் ஒரு தாளில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டலாமா என்று கேப்டன் கேட்டார். "90 நொடிக்கு மேல் போனால் எழுந்திரு" என்பதுதான் என் வரைவு. மரியாதைக் குறைவாக இருக்கிறதா, "எழுந்திருங்கள்" என்று மாற்றவா என்று அக்காவும் மற்றவர்களும் சொல்லுங்கள். வியாழக்கிழமை அச்சுக்குக் கொடுக்க வேண்டும்.